டிக்கியில் ஸ்டெப்னி இல்லை

ஜூன் 9, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண். மகன் ரீகன் புது கார் எடுத்து வந்தான். வெள்ளை. பிரிட்ஜ் மாதிரி இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மாதா கோயில் வாசலில் வண்டிக்கு மந்திரிப்பு. சாமியார் நாலு சக்கரத்துக்கும் தண்ணீர் தெளித்தார். "ஸ்டெப்னிக்கும் தெளிங்க சாமி" என்று டிக்கியைத் திறக்கவைத்தேன். பாயைத் தூக்கினால் வெறும் குழி. அதில் ஒரு பாட்டிலும் காற்றடிக்கிற சின்ன மிஷினும்.

"எங்கல ஸ்டெப்னி?"

"இப்ப வார வண்டில அது கிடையாதும்மா. பஞ்சரானா இந்த மருந்த உள்ள விட்டு, காத்தடிச்சிட்டுப் போயிரலாம்."

"வித்தவன் எடுத்து வச்சிக்கிட்டானோ என்னமோ. போய்க் கேளு."

சாமியார் சிரித்துக்கொண்டே பாட்டிலுக்குத் தெளித்தார்.

ஜூன் 10, புதன்

இருப்பே கொள்ளவில்லை. அரிசியை இரண்டு தடவை களைந்தேன்.

பன்னிரண்டு வருஷம். ரீகன் அப்பாவின் அடக்கத்துக்கு வேம்பாரிலிருந்து தம்பி சேசு வந்து சேர்ந்தபோது குழியை மூடியாயிற்று. "வாடகை வண்டிக்கா. டயரு வெடிச்சிட்டு, ஸ்டெப்னி இல்ல" என்றான். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "ஸ்டெப்னி இல்லாத வண்டி உலகத்துல உண்டாலே?" அதோடு பேச்சு நின்றது. பிஸ்கட் நிறச் சட்டை போட்டிருந்தான். இரண்டு கையும் கரி. எதுவும் மறக்கவில்லை.

போன மாதம் அவனே போன் போட்டான். பேத்திக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாயாம். "பாப்போம்" என்று வைத்துவிட்டேன். பிறகு அழுதேன்.

ஜூன் 12, வெள்ளி

வாங்கியது: பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, மக்ரூன். மருந்து மாத்திரை மறந்துபோயிற்று.

ஞானஸ்நானம் ஞாயிறு ஒன்பது மணிக்கு, வேம்பாரில். பிந்தினால் சேசு பெண்டாட்டியின் அக்கா, அவனுக்கு மைனி, ஞானத்தாயாக நின்று பிள்ளையைப் பிடித்துவிடுவாள். அவள் பேரை இதில் எழுத மாட்டேன். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மீன்குழம்பில் உப்பு என்றவள்.

"பஸ்ல போவமால?"

"புது வண்டி வாசல்ல நிக்கி, பஸ்ஸாம்மா?"

ஜூன் 14, ஞாயிறு

ஏழு மணிக்குக் கிளம்பினோம். உப்பளம் தாண்டி, லாரிக்கு ஒதுங்கியதில் கல் குத்தி டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ரீகன் மருந்தை விட்டான். விட்டதெல்லாம் கிழிசல் வழியாக நுரையாக வெளியே வந்தது. மந்திரித்த பாட்டில். கை காட்டியும் பஸ் நிற்கவில்லை.

"மாமாவுக்கு போன் போடுதேன்."

"போடாத!"

எந்த வாயை வைத்துச் சொல்ல? எட்டு. எட்டரை. ரீகனின் இரண்டு கையும் கரி. அதைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பி நின்றேன். ஒன்பதுக்கு எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டான். எடுக்காததால் இடத்தை எழுதி அனுப்பினானாம்.

பத்தரைக்கு சேசு வந்தான், புது வேட்டியோடு. தலை முழுக்க நரை. நேரே பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். பாயைத் தூக்கினான். குழியைப் பார்த்தான்.

"ஆமா, இல்ல" என்றான்.

அவன் காரில் ஸ்டெப்னி இரண்டு. "அன்னைலேருந்து ரெண்டு வச்சிருக்கேன்" என்று ரீகனிடம் சொன்னான், என்னிடம் இல்லை. இரண்டும் இதற்குச் சேரவில்லை.

"பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டுக்கா. மைனி புடிச்சா. சாமியாருக்கு அடுத்த ஊர்ல பூச, நிக்க முடியாதுன்னுட்டாரு. கோயில்ல போன அமத்தி வச்சிருந்தேன், வெளிய வந்துதான் பாத்தேன்."

வெள்ளை உடுப்பு என் கையிலேயே இருந்தது.

"ஏலே, அன்னைக்கு நான் உன் வண்டியத் திறந்து பாக்கலல."

டிக்கியை மூடினான். வேட்டியில் கையைத் துடைத்தான், புது வேட்டியில்.

"ஏறுக்கா. பிரியாணி ஆறிரும்."