இடதுகால் யுத்தத்தின் உண்மை வரலாறு

கெலிஓயா
03.03.1996

அன்பு மருமகள் பரிமளத்துக்கு,

யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். போன வருஷம் ஹேவாஹெட்டத் தோட்டத்துத் திருவிழாவில் வெறுங்காலோடு காவடி எடுத்தேனா, யானைத் தந்தம் பருமனில் ஒரு தேயிலைக் குச்சி இடதுகாலில் ஏறிவிட்டது. அந்தப் புண்ணில் இப்போது கொத்துக்கொத்தாய்ப் பூக்கோவா விளைகிறது, சந்தைக்கே அனுப்பலாம். பூஞ்சணமாம். மூன்று விரலை எடுக்க டொக்டர் திகதி குறித்துவிட்டார். "விரலைத் தொட்டீங்கன்னா கண்டி வாவில குதிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்துக் கடை பாரூக் நானாவின் மூட்டுவலிக் குளிசையை வாங்கித் தினமும் நாலு போடுகிறேன். வீக்கம் வற்றுகிறது, வலியும் இல்லை. வென்றுவிட்டேன்! நீ பெரிய படிப்புப் படித்து என்ன பிரயோசனம்?

உன் வீரத் தாய்மாமன்,
சேதுராமன்

லண்டன்
20.03.1996

அன்புள்ள மாமா,

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பாரூக் நானாவுக்குத் தொலைபேசி எடுத்துக் குளிசையின் பெயரைக் கேட்டதும் உடனே இதை எழுத உட்கார்ந்தேன். அது ஸ்டீரோயிட், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூங்கவைக்கும் மருந்து. காவல்காரர்களுக்கு மயக்கமருந்து கொடுத்துவிட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது என்கிறீர்கள்.

உடம்பில் விழுங்கி அணுக்கள் இருக்கின்றன. பூஞ்சணத்தைக் கண்டால் ஒன்று மற்றதைக் கூப்பிடும். வந்தது இன்னும் நாலைக் கூப்பிடும். விழுங்கியும் கொல்ல முடியாமல் திணறினால், வேறு வகை அணுக்கள் வந்து அவற்றை உசுப்பிவிடும். அந்தச் சண்டைதான் மாமா வீக்கம், வலி எல்லாம்.

குளிசையை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. டொக்டர் சொல்கிறபடி குறையுங்கள், அவர் தந்த பூஞ்சண மருந்தை விடாதீர்கள். அவரிடமாவது பொய் சொல்லாதீர்கள்.

பரிமளம்

கெலிஓயா
14.09.1996

மருமகளே,

டொக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் போட்ட சத்தத்தில் பேராதனைப் பாலம் ஆடியது. "என்ட குளிசய திண்டுட்டு என்னயே மாட்டி உட்டீங்களே சேது!" என்று பாரூக் நானா மூன்று நாள் முகம் பார்க்கவில்லை.

குளிசை குறையக் குறையக் கால் சிவந்து வீங்கியது. நான் போட்ட கூச்சலில் கடுகண்ணாவையில் ரயில் நின்றது. உன் அத்தை அழுதாள். "அழாத புள்ள, நம்ம ஆளுங்க முழிச்சிட்டாங்க!" என்றேன். கோடிக்கணக்கில் வந்தார்கள், ஒருவன் குதிரையில்.

ஆறு மாதத்தில் புண் மொச்சையளவாகச் சுருங்கிவிட்டது. வெட்டும் திகதியை டொக்டரே அடித்துவிட்டார். பத்து விரலும் என்னிடம்தான்.

போன செவ்வாய், கால் வீங்கிக் கிடந்தபோது புண்ணில் கிள்ளி எடுத்த சதையை நுணுக்குக்காட்டியில் பார்க்கவிட்டார். நடுவில் மண்ணிறமாய்ப் பூஞ்சணம். சுற்றிலும் உன் விழுங்கிகள். தனித்தனியாய் முடியாமல் ஏழெட்டுப் பேர் உடம்போடு உடம்பாய் ஒட்டி, ஒரே ஆளாகி, அதை விழுங்கிக் கிடந்தார்கள்.

குதிரையும் ரயிலும் பொய்தான். இது மட்டும் உண்மை, பரிமளம். கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மாமா