நடைமுறையில் இல்லாத எண்

செப்டம்பர் 9, செவ்வாய்

விண்ணப்பத்தை இன்று மூன்றாவது முறையாக இணையதளம் திருப்பி அனுப்பிவிட்டது. மேற்பார்வையாளரின் உரிம எண் என்று ஒரு கட்டம். அதில் கோரியின் எண்ணைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்: இந்த எண் நடைமுறையில் இல்லை. ஐந்து இலக்கம். அதைக்கூடச் சரியாகத் தட்டத் தெரியாதவளா நான்? அவர் முத்திரை குத்திய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தட்டினேன். அலுவலகக் கணினி, வீட்டுக் கணினி, கைப்பேசி. அதே சிவப்பு.

ஐந்து வருடமாகப் பயிற்சி நிலவியலாளர். முதல் தடவை விண்ணப்பித்தபோது இயற்பியலில் ஒரு பாடம் குறைகிறது என்றார்கள். இருபத்தேழு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊசல் ஆட்டி முடித்தேன். இப்போது எண் பிடிக்கவில்லையாம். ஜனவரிக்குள் உரிமம் வந்தால் அம்மா இருக்கும் கிட்டிமாட்டில் திறக்கும் கிளை என் பொறுப்பு. வராவிட்டால் வேறு ஆள். முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் ஃபோனில் புலம்பினேன். "மலைக்கு எதுக்குடி லைசென்ஸ்? அது பாட்டுக்கு நிக்குது" என்றாள்.

"நிக்காதுன்னுதாம்மா எங்களக் கூப்பிடுறாங்க."

செப்டம்பர் 10

எண் சரி. ஆள்தான் சரியில்லை.

உரிமம் தரும் சங்கத்தின் பொதுப் பட்டியலில் தேடினேன். கோரி லிண்ட்ஸ்ட்ராம். உரிமம் ரத்து, சென்ற ஆண்டு ஜூலை.

பதினான்கு மாதம். அதற்குள் நான் எழுதி அவர் முத்திரை குத்திய அறிக்கைகள் பதினொன்று. எல்லாம் மரம் ஏற்றும் சாலைகளுக்கு: இந்தச் சரிவு தாங்குமா, தாங்காதா. உரிமம் இல்லாதவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. உரிமம் இல்லாதவரின் கீழ் நான் செய்த வேலைக்கும் மதிப்பில்லை. மழையில் ஏறியது, முள்செடி கிழித்தது, எல்லாம் சும்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் அப்போது எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. நல்லவேளை, மீன் பிடிக்கப் போயிருந்தார்.

செப்டம்பர் 12

வண்டியில் போகும்போது கேட்டேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவர், இதற்கு வைத்திருக்கவில்லை.

"மெயில் எல்லாம் பழைய கம்பெனி முகவரிக்குப் போயிருக்கு, டுல்சே. புதுப்பிக்கச் சொல்லி நாலு தடவை அனுப்பியிருக்காங்க. நான் அங்க இருந்து வந்தே மூணு வருஷம் ஆச்சு."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பிப்ரவரில."

"அப்புறமும் குத்தினீங்களா?"

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னு."

தெரியாமல் நடந்திருந்தால் மன்னித்திருப்பேன். பிப்ரவரிக்குப் பிறகு ஆறு அறிக்கை. நான் பேனாவை நீட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே குத்தினார்.

கோரி கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் அன்றைக்கே சங்கத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 19

எல்லாவற்றையும் சரி செய்ய இரண்டு வாரம் கேட்டிருக்கிறார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

செப்டம்பர் 26

இன்று ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் டெரிக் என்று ஒரு நண்பர், உரிமம் உள்ளவர். அந்தப் பதினான்கு மாதமும் தன் மேற்பார்வையில்தான் நான் வேலை செய்தேன் என்று அவர் எழுதிக் கொடுப்பாராம்.

"நான் அந்த மனுஷன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்லையே" என்றேன்.

"ஒரு தடவை கூட்டிட்டுப் போயி காப்பி வாங்கித் தர்றேன், பாத்துக்கோ. உன் ஒரு வருஷம் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன். வேலை நீ செஞ்சதுதானே? அது பொய்யா?"

வேலை பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து டெரிக்கின் எண்ணைத் தட்டினேன். கட்டம் உடனே பச்சை ஆனது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் எனக்குப் பச்சை காட்டுகிறது. சேமித்து வைத்தேன். அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்று எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

அக்டோபர் 6, திங்கள்

உரிமத்துக்கான தொழில்நெறித் தேர்வு. நூறு கேள்வி, ஒரு கட்டுரை. நாற்பதோ நாற்பத்தொன்றோ: உங்கள் சக பணியாளர் உரிமம் இல்லாமல் தொழில் செய்வது தெரிகிறது, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? நான்கு விடை. அவரிடம் பேசிவிட்டுக் காத்திருப்பது என்பதும் ஒன்று. இருபது விநாடிகூட ஆகவில்லை, சரியான விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்க முடியவில்லை. எவ்வளவு கெட்டிக்காரி நீ, டுல்சே. காகிதத்தில்.

அக்டோபர் 13

கனடாவின் நன்றித் திருநாள். கிட்டிமாட்டில் அம்மா வீடு. ஊருக்காக வான்கோழி, நமக்காக உப்புக் கருவாட்டுக் கறி. அப்பா உருக்காலையில் இருந்த காலத்திலிருந்து இதே ஏற்பாடு. கிளைக்கு எந்தக் கட்டடம் பார்த்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு இப்போதே தெரிந்திருக்கிறது, ரொட்டிக்கடைக்கு மேல்மாடி. தேவாலயத்தில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

"உனக்கு ஒரு வருஷம் போகுமா?"

"அதுக்கு மேலயே."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்குற? சொல்லாதேன்னு நான் சொன்னா நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்குறியா? நான் சொல்ல மாட்டேன்டி."

கோபித்துக்கொண்டு கிளம்பினேன். மிச்சக் கறியைக் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டுதான் கோபித்தேன்.

அக்டோபர் 16

ஒன்பதாம் மைல் சாலைக்கு எல்லை நாடா கட்டப் போனேன். ஹிட்டாச்சி ஓட்டும் வில்மர் ஏற்கெனவே வண்டியைக் கீழே இறக்கி நிறுத்தியிருந்தார். திங்கட்கிழமை சாலை வெட்ட மேலே ஏறப்போகிறார். நான் ஆகஸ்டில் எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்தை, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கேபினுக்குள் ஒட்டியிருந்தார்.

"நீ எழுதினதா இது? நல்லாத்தான் எழுதியிருக்க. ஒரு வார்த்தை புரியல."

"அப்புறம் எதுக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க?"

முத்திரையை விரலால் தட்டினார். "இதுக்குத்தாம்மா. எங்க மாமா ஒருத்தர் இது இல்லாத ரோட்டுல ஏறி, வண்டியோட ஆத்துக்குள்ள போனார். அதுல இருந்து இதப் பாக்காம நான் ஏர்றதில்ல."

நாடாவை மரத்தில் கட்டவே வரவில்லை. நான்கு தடவை அவிழ்ந்தது.

அக்டோபர் 17

காலையில் கோரியின் மேசைக்குப் போனேன். மதியம் சங்கத்துக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன்.

"பதினாலு மாசம் உனக்கும் போகும். தெரியும்ல?"

"தெரியும்."

"ரெண்டு வாரம்னு நான் கேட்டதுக்குச் சரின்ன. இப்ப நாலு வாரம் ஆகுது. இவ்வளவு நாள் பொறுத்தவ இன்னும் ஒரு மாசம் பொறுக்க மாட்டியா?"

"திங்கக்கிழமை வில்மர் மேல ஏர்றார், கோரி."

எழுந்து போய்க் காப்பிக் கோப்பையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். நான் பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினேன். டெரிக்கின் எண்ணையும் அழித்தேன். கட்டம் காலி.

அக்டோபர் 21

சங்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "ஒரே விஷயமா ரெண்டு பேர்கிட்ட இருந்து வந்திருக்குங்க. முதல்ல வந்தது லிண்ட்ஸ்ட்ராம் தானே எழுதினது." பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அனுப்பியிருக்கிறார்.

என்னிடம் சொல்லவில்லை. மேசையைக் காலி செய்தபோதும் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்? நானும்தான் ஏன் போய்க் கேட்கவில்லை. கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதினொரு இடத்திலும் வேலையை வெள்ளிக்கிழமையே நிறுத்தியாகிவிட்டது. வில்மர் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன். "ஒட்டி வெச்சதக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் 30

கிட்டிமாட் கிளைக்கு வேறு ஆள். அம்மாவுக்குத் தேவாலயத்தில் யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 8, சனி

புது மேற்பார்வையாளர் ஜோன் மக்ரே. தன் உரிம எண்ணை நான் கேட்காமலே முதல் நாளில் எழுதிக் கொடுத்தாள், பட்டியலில் பார்த்துக்கொள் என்றாள். பதினொரு சரிவையும் இருவரும் நடந்து பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருந்தால் பதினான்கு மாதத்தில் பாதியைத் திருப்பித் தருவது பற்றி யோசிக்கலாம் என்று சங்கம் எழுதியிருக்கிறது. ஆறு முடிந்தது. ஆறும் சரி. ஆறாவதில் எனக்குத் திமிரே வந்துவிட்டது. பார்த்தீர்களா, முத்திரைதான் பொய், வேலை பொய்யில்லை என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல இருந்தது.

இன்று ஏழாவது. ஒன்பதாம் மைல். மூன்றாவது வளைவுக்கு மேலே ஜோன் பாசியைப் பூட்ஸால் தள்ளினாள். அடியில் தண்ணீர். ஊற்று. சத்தமில்லாமல் மண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ஆகஸ்ட்ல இங்க நின்னியா?"

"நின்னேன். காஞ்சிருந்துது."

"பாசிய நீக்கினியா?"

இல்லை.

"கோரி வந்து பாத்தாரா?"

"ஃபோட்டோ பாத்தார்."

குறிப்பேட்டில் எழுதினாள். வளைவுக்குக் கீழே நேராக வில்மரின் வண்டி தெரிந்தது, நிறுத்திய இடத்திலேயே. இந்த மண் மேல் முப்பது டன் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படித்ததே அதைத்தான். ஐந்து வருடமாக யார் யார் மேலோ கோபம். பாசியை நீக்காதது நான்.

திங்கட்கிழமை தொடங்கலாம் என்று முதலாளி வில்மரிடம் சொல்லி வைத்திருந்தார். முதலாளியே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். கீழே இறங்கியதும் நானே கூப்பிட்டேன்.

"வில்மர், திங்கக்கிழமை வராதீங்க. மேல தண்ணி இருக்கு. ஆகஸ்ட்ல நான் பாக்காம விட்டுட்டேன்."

அங்கே டிவியில் ஹாக்கி ஓடுவது கேட்டது.

"எத்தன நாள் ஆகும்?"

"தெரியல. மேல் பக்கம் எங்கிருந்து வருதுன்னு தோண்டிப் பாக்கணும்."

"யார் தோண்டப் போறா?"

"நான்தான்."

"சரி" என்றார். "நீ பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் ஏர்றேன்."

நாளை காலை ஏழு மணிக்கு ஜோன் வண்டியோடு வருகிறாள். மண்வெட்டியைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன்.