சூப்பர்வைசரும் ரிவர்ஸ் ஹாரனும்

செப்டம்பர் 10, புதன். ஓசூர். தூறல்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மழை வரும் என்றேன், வந்தது. சரோஜா கடைசி நேரத்தில் வேனில் ஏற மாட்டாள் என்றேன், ஏறவில்லை. பூனை வாந்தி எடுக்கும் என்றேன், தெருமுனை தாண்டுவதற்குள் எடுத்தது. என் செருப்பில். அதையும் சொல்லியிருந்தேன்.

இந்தியச் சுற்றுப்பயணம், முதல் கட்டம்: உத்தனப்பள்ளி, குந்தாரப்பள்ளி, திரும்ப ஓசூர். மீதி இந்தியா அடுத்த கட்டத்தில்.

வண்டி: கம்பெனிக்கு ஷிப்ட் ஆள் ஏற்றிய பழைய வேன். சீட்டெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், ஃபேன், பூனைக்கு மண் தட்டு. டிசைன் முழுக்க நான். வெல்டிங் மட்டும் வெல்டர். படிப்பு எட்டாவதுதான், ஆனால் கம்பெனியில் ஜப்பான்காரனுக்கே போல்ட் முடுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

கேட்டருகே நின்று என் சம்சாரம் சரோஜா போட்ட கண்டிஷன், தெருவுக்கே கேட்கிற மாதிரி: "என் பூனைய ஞாயித்துக்கிழம முழுசா கொண்டாந்து வுடுங்க. அப்பறம் நான் ஏறலாமா வேணாமான்னு பார்க்கறன்."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"பூனை மேல இருக்குது."

போதாததற்கு எதிர்வீட்டுக்காரரும். "அண்ணா, எங்க வேணா போ. ரிவர்ஸ் மட்டும் எடுத்துடாத!"

பொறாமை. எனக்கு ரிவர்ஸ் வரும். நிதானமாக வரும். வீட்டுச் சந்துக்குள் வேனைப் பின்னால் விட அரை மணி ஆகிறதென்றால் அது வண்டிக்குக் கொடுக்கும் மரியாதை. அவ்வளவு நேரமும் ரிவர்ஸ் ஹாரன் டிங்டிடிங் என்று பாடும். பூனை கேட் மேல் உட்கார்ந்து கவனிக்கும். வண்டி நின்றதும் ஒரு கருவாடு கொடுப்பேன். தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவன் வேலையைப் பார்ப்பதால் அதற்குப் பெயர் சூப்பர்வைசர். இனி இங்கே சூ.வை. மை மிச்சம்.

பாடம்: கிளம்பும் நாளில் பூனைக்கு வயிறு நிறையக் கொடுக்காதே. செருப்பைக் கழற்றி வைக்காதே.

செப்டம்பர் 11, வியாழன். உத்தனப்பள்ளி. வெயில்.

தக்காளித் தோட்டத்து ஓரம் வேன். தோட்டக்கார அம்மா வந்து எட்டி நின்று, "வண்டியில எத்தன பேருங்க?"

"நானும் சூப்பர்வைசரும்."

"அவரு சாப்ட்டாரா?"

"காலைல இருந்து ஒண்ணுமில்ல."

மத்தியானம் இரண்டு தட்டு வந்தது. ராகிக் களி, கீரைக் குழம்பு. சூ.வை. கட்டிலில் மல்லாந்து கிடந்ததை அம்மா பார்த்தார். "ஐயே, பூனைங்களா! அதுக்கா ஒரு உருண்ட சேத்துக் கிண்டினன்!" சிரித்த சிரிப்பில் முந்தானையில் முடிந்திருந்த தக்காளியெல்லாம் அவிழ்ந்து தரையில். இரண்டு தட்டும் நானே சாப்பிட்டேன். மரியாதை கருதி.

சாயங்காலம் சூ.வை. ஒரு நாகப்பாம்பை எதிர்த்து நின்றது. ஆறடி. படம் எடுத்தது. (அதே இடத்தில் சொட்டுநீர்க் குழாய் ஒன்றும் கிடந்தது. வேறு விஷயம்.)

பாடம்: பூனை எங்கே படுக்கிறதோ அதுதான் வேனிலேயே குளிர்ச்சியான இடம். நாம் போய்ப் படுத்தால் கடிக்கும்.

பாடம்: கருவாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பீடு பிரேக்கர் ஏறாதே.

சரோஜா போன். "எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கறன்."

"உங்கள யாரு கேட்டது?"

கட்டில் அகலம். இரண்டு பேருக்கு அளந்து வெட்டச் சொன்னது. வெல்டர் அன்றைக்கே கேட்டான், தனியாத்தான போறீங்க, எதுக்கு இவ்வளவு என்று. புரண்டு படுக்க என்றேன். பாதிக் கட்டில் சும்மா கிடக்கிறது. அவளுக்கென்று ஜன்னல் பக்கம் கொக்கிகூட வைத்திருக்கிறேன், பை மாட்ட.

செப்டம்பர் 12, வெள்ளி. குந்தாரப்பள்ளி. மேகமூட்டம். சந்தை.

சூ.வை. இல்லை.

டீ வாங்க இறங்கினேன். கதவைச் சாத்தினேன். சாத்தினதாக ஞாபகம். லட்சம் ஆடு, லட்சம் ஜனம். திரும்பி வந்தால் கட்டில் மேல் குழி மட்டும்.

ஆட்டுக் கால்களுக்கு நடுவே தவழ்ந்து தேடினேன். ஒருவர் என் முதுகைத் தட்டி விலை கேட்டார்.

டீக்கடை அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னது. "வெள்ளப் பூனைங்களா, ஒரு காது கருப்பா? முனியப்பா வண்டியில ஏறிக்கிச்சிங்களே."

"எந்த முனியப்பா?"

"பாகலூரு ஆட்டு வியாபாரி. பிக்கப்ப ரிவர்ஸ் எடுத்தாரு, டிங்டிங்னு பாட்டு. அது எங்கிருந்தோ ஓடியாந்து பின்னால குதிச்சிச்சி. நான் அவங்க ஊட்டுப் பூனைன்னு நெனச்சன்."

அதே ஹாரன். ஓசூர் கடையில் எல்லாருக்கும் அதே ஒன்றைத்தான் மாட்டிவிடுகிறார்கள். ரிவர்ஸ் என்றால் நான், நான் என்றால் கருவாடு. பாவம், என்னை நம்பித்தான் ஏறியிருக்கிறது.

இருட்டுகிறது. ஒரு ஹெட்லைட் எரியவில்லை. விடிந்ததும் பாகலூர்.

சரோஜா போன். பூனை தூங்குது என்றேன். "எழுப்பி ஒரு சத்தம் போடச் சொல்லுங்க, கேக்கணும்." வேறு வழியில்லை. நானே கத்தினேன்.

"சளி புடிச்சிருக்குதா?" என்றாள்.

பூனையைத் தொலைத்தவன் வண்டியில் அவள் எப்படி ஏறுவாள்? இந்தியா முழுக்கச் சுற்றினாலும் பாதிக் கட்டில் காலிதான்.

சாப்பிடவில்லை. பன் இரண்டு மட்டும்.

செப்டம்பர் 13, சனி. பாகலூர். பளிச்சென்று வெயில்.

முனியப்பா நல்ல மனுஷர். "ஆமாண்ணா, ஆடு எறக்கறப்ப உள்ளருந்து ஒரு பூன எட்டிக் குதிச்சிச்சி. இதே தெருதான். அப்பறம் பார்க்கல." காப்பி கொடுத்தார்.

எனக்கு ஐந்து பாஷை தெரியும். கன்னடத்தில் பெக்கு, தெலுங்கில் பில்லி. வீடு வீடாகக் கேட்டேன். மளிகைக் கடையில் கையில் இந்த நோட்டோடு நின்று, "பில்லி உந்தா?" என்றதும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, பில் புக்கு தீந்துட்டுய்யா. நாளைக்கு வந்துரும். எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி போட்டுருவோம்." திருநெல்வேலிக்காரர், வந்து ஒரு மாதம்தானாம். அதிகாரி மாதிரித்தான் இருக்கிறேன் போல. பூனை என்று சொன்ன பிறகு சோடா கொடுத்து அவரும் கூடத் தேடினார்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஹாரனை நம்பிப் போனதை ஹாரனை வைத்தே பிடிக்கலாம். ஆனால் ரிவர்ஸில் போனால்தான் ஹாரன் பாடும்.

போனேன். தெருக்கோடி வரை. அம்பு மாதிரி நேராக. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் கருவாடு. இரண்டு பக்கமும் ஜனம். "வண்டி பின்னால போவுது, ஆளு முன்னால பார்க்கறாரு பாரு!" என்று ஒரு பெண்பிள்ளை. ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டு சல்யூட். முனியப்பா, "அண்ணா, நீ டிரைவர் இல்ல, பைலட்!" தெரு முடிகிற இடத்தில் ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து ஒரே தாவல், வேன் மேல் தொப்பென்று வெள்ளையாக. கைதட்டல் கர்நாடகா வரை கேட்டிருக்கும்.

நான்கு கருவாடு தின்றது. ஐந்தாவதுக்கு என் சட்டைப் பையைக் கிழித்தது. கிழிக்கட்டும். தங்கமே.

செப்டம்பர் 14, ஞாயிறு. ஓசூர். மழை விட்டிருந்தது.

சந்துக்குள் வேனை விட இன்று அரை மணிக்கும் மேலே. சரோஜா கேட்டில். கதவு திறந்ததும் சூ.வை. நேரே அவள் தோளுக்கு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இளைச்சிருக்குது."

"ஊர் சுத்தினதுல உடம்பு கட்டா ஆயிருக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தினது உட்பட. "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பாகலூர் கதையை மட்டும் ஆச்சரியமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு வேனின் பின்பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தாள். விரலில் பச்சையாகப் பாசி.

"பம்பர்ல இருந்திச்சி. இது எந்த ஊரு?"

"மழ பெஞ்சா வண்டியிலகூட மொளைக்கும்."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். போச்சு என்று நினைத்தேன். தலையணையோடு வந்தாள். ஏறி, ஜன்னல் பக்கம் போட்டாள். பையைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தாள். சரியான உயரம்.

"அடுத்த கட்டம் எங்க?"

"நீ சொல்லு."

"கடல் பார்க்கணும். ஆனா ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் எறங்கி நின்னு சொல்லுவன், கேக்கணும்."

கேட்பேன். இவள் ஏறுவாள் என்று முன்பே தெரியும். அதனால்தான் கொக்கி.

ஒன்று மட்டும். நேற்று தெருக்கோடி வரை ரிவர்ஸில் போனதாக எழுதியிருக்கிறேன். பத்தடிகூடப் போகவில்லை. பின்சக்கரம் சாக்கடையில் இறங்கி, என்ஜின் அணைந்து, கியர் ரிவர்ஸிலேயே சிக்கிக்கொண்டது. சாவி போட்டபடி. ஹாரன் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது. நான் முழங்கால் வரை சாக்கடையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க நிமிர்ந்தால், வேன் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறது சூ.வை.