வெயில் பட்ட பாட்டில்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பிரிக்கும்போதே முகத்தைச் சுளிக்காதே. இந்த மாதம் இரண்டு பாட்டில். பழுப்புப் பாட்டிலில் இருக்கும் கறுப்பு பீர் எங்கள் பஸ் டிரைவருடையது. இருபது வருடம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது பழைய பணிமனையின் பின்பக்கம் காய்ச்சுகிறார். வெள்ளைக் கண்ணாடியில் இருப்பது பல் டாக்டருடையது. கிளினிக்கை விற்று ஆலை வைத்த அம்மா. இதுதான் அவருடைய முதல் பீர். நிறம் வெளியே தெரிய வேண்டும் என்று வெள்ளைக் கண்ணாடியில் அடைத்திருக்கிறார். அவரோடு சேர்த்து இந்த ஊரில் எட்டு சின்ன ஆலைகள் ஆகிவிட்டன. இந்த ஆலைகளைப் பற்றி நான் ஊருக்கு அச்சடிக்கும் மாத மடல் ‘நுரை’க்கு இரண்டு தாள் போதவில்லை.

போன மாதம் போலவே விவரமாக எழுது. முதலில் என்ன மணம், அடுத்து என்ன, விழுங்கிய பிறகு என்ன நிற்கிறது, எல்லாம். நீ எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து குடிப்பது போலிருக்கிறது.

உன் தம்பி மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு விடைத்தாள்கள்தான் காரணம். எட்டு நாளாக உன் பாட்டில்கள் சமையலறை ஜன்னலில் எனக்காகக் காத்திருந்தன. நேற்று மாலை கிளாஸும் நோட்டுமாக நின்றிருந்தபோது வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டாள். “டீச்சர், மனசுல ஏதாவது கஷ்டமா?” என்றாள். “இல்லம்மா, தம்பி கேட்டான், அதான்” என்றேன். இன்னும் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இது தேவையா?

டிரைவருடையது: முதலில் வறுத்த காபிக்கொட்டை. கொஞ்சம் குளிர் விட்டதும் கருகிய ரொட்டியின் ஓரம். கடைசியில், மழையில் நனைந்த மரப்பெட்டி. ஒவ்வொரு வாய்க்கும் நுரை கிளாஸில் ஒரு வளையம் விட்டுக்கொண்டே இறங்கியது. ஏழு வாய், ஏழு வளையம். குறை தேடினேன். நான் தேடிக் கிடைக்காமல் போவது அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

பல் டாக்டருடையது: எரிந்த ரப்பர். கிளாஸைக் கழுவி மறுபடி ஊற்றினேன். அதே ரப்பர். அந்த அம்மா கிளினிக்கை விற்காமல் இருந்திருக்கலாம்.

இந்த வருடம் எங்கள் கல்லூரி கெமிஸ்ட்ரி லேப் பக்கமும் ஒருமுறை வந்து போ. போன தடவை வந்தபோது அரை நாள்கூட இருக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழு வளையத்தை டிரைவரிடம் சொன்னேன். மனிதர் எழுந்துபோய்த் தொட்டியைத் துடைக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பல் டாக்டரின் பீர் பற்றி நீ சொன்னது சரிதான். நானும் இங்கே ஒரு பாட்டில் திறந்தேன், அதே ரப்பர். ஆனால் அவர் தன் பீரில் தப்பே இல்லை என்று சாதிக்கிறார். புதிதாக அடைத்த இரண்டு பாட்டில் கொடுத்தார். அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சந்தோஷம். மே மாதம் நடக்கும் ஆலைகளின் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து வருடமாக அந்த மேஜைக்குப் பின்னால் நின்று குறிப்பெடுத்தவன், இனி மேஜையில் உட்காரப் போகிறேன்.

உன் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. எந்தத் தாளில் சுற்றுகிறோம் என்று நீ கவனிக்கவில்லை. மார்ச் மாத ‘நுரை’யின் மிச்சப் பிரதிகள். கசங்கலை நீவிப் படித்தேன். காபிக்கொட்டை, மரப்பெட்டி, ஏழு வளையம், எல்லாம் இருந்தன. “கிளினிக்கை விற்காமல் இருந்திருக்கலாம்” என்பதும் இருந்தது. கீழே உன் பெயர்.

என் வாக்கியங்களை நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. அக்கா பொருள் தம்பிக்கு. ஆனால் கூடப் பிறந்தவனுக்கு எழுதுகிற துடுக்கு வேறு, ஊருக்கு எழுதுவது வேறு.

பிறகு ஒரு பாட்டிலை உடனே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டுத் திறந்தேன். ரப்பர் இல்லை. புதிதாக வெட்டிய புல், அதன் பின்னே எலுமிச்சைத் தோல், விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் சுத்தமான கசப்பு. முதல் பீரே இவ்வளவு அடக்கமாகச் செய்ய எப்படி மனம் வந்தது என்று யோசித்தபடி முழு கிளாஸையும் காலி செய்தேன். மற்றொன்றை அதே ஜன்னலில் வைத்தேன். மறுநாள் மாலை ரப்பர்.

பீருக்குக் கசப்புத் தருகிற ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சத்தில் உடையும். உடைந்தால் இந்த நாற்றம்தான் வரும். பழுப்புப் பாட்டில் அதைத் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்காது. வெளிச்சம் ஒரு பொருளை எப்படி உடைக்கும் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எட்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு, தப்பு அந்த அம்மாவின் மேல் என்று எழுதினேன்.

அது என் தவறு. ஆனால் வெயில் படாத உன் பாட்டிலில் ரப்பர் எங்கிருந்து வந்தது?

போன தடவை நீ என் வீட்டில் இருந்தபோது பால் பொங்கி அடுப்பில் தீய்ந்தது. நான் மாடியிலிருந்து ஓடிவந்தேன். நீ அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். எப்போதிலிருந்து, தம்பி?

அக்கா


மார்ச் 27

அக்கா,

போன ஏப்ரல் காய்ச்சலிலிருந்து. காய்ச்சல் போனது, மணத்தையும் கூட்டிக்கொண்டு போனது. உப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. மற்றபடி காபியும் வெந்நீரும் எனக்கு ஒன்று. டாக்டர் வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். வீட்டில் இவளுக்கு மட்டும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வியாழக்கிழமைகளில் ஏதாவது ஓர் ஆலைக்குப் போவேன். புதுப் பீப்பாயைத் திறந்து முதல் கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். மூன்று வாரம் வேலை செய்திருப்பார்கள், அக்கா. அந்த நேரத்தில் “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று எப்படிச் சொல்வது? முதல் மாதம் சமாளித்தேன். இரண்டாம் மாதம் உனக்குப் பார்சல் அனுப்பினேன். நீ எழுதியது என்னால் ஆயுசுக்கும் எழுத முடியாத மாதிரி இருந்தது.

இன்னொன்று. மடல் வந்த வாரமே மூன்று கடைகள் பல் டாக்டரின் பீரைத் திருப்பி அனுப்பிவிட்டன. அவர் காய்ச்சுவதை நிறுத்தியிருக்கிறார். தொட்டியையெல்லாம் கழற்றி எங்கே அழுக்கு என்று தேடுகிறாராம்.

போட்டிக்கு நீ வா. என் பக்கத்தில் உட்கார். நல்லதென்றால் என் கையை ஒரு தரம் அழுத்து. போட்டி முடிந்ததும் எல்லாவற்றையும் சரிசெய்கிறேன். இது போனால் எனக்கு இந்த ஊரில் உட்கார ஓர் இடம் இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

வரமாட்டேன். கையை அழுத்தவும் மாட்டேன்.

பதினோரு மாதம் இதை என்னிடம் சொல்லாமல் சுமந்திருக்கிறாய். அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் ஒருத்தி இல்லாத அழுக்கைத் தேடித் தொட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். மே மாதம் வரை அவள் தேட வேண்டுமா?

காய்ச்சலுக்கு முன் நீ அனுப்பிய பழைய மடல்களை எடுத்து வைத்துக்கொண்டு இரவல் வாங்கிய புத்தகம் போலப் படித்தேன். நான் பாராட்டுவதில் கஞ்சத்தனம் செய்கிறவள், அதனால் இதை நம்பு. டிரைவர் தொட்டி கழுவும்போது பிரேக்கைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு குழாயையும் இரண்டு முறை தட்டிப் பார்ப்பதை எழுதியிருந்தாய். மால்ட் பார்லி மூட்டை தூக்குகிற இரட்டையர் ஒருவருக்கொருவர் பேசாமலே எடை மாற்றிக்கொள்வதை எழுதியிருந்தாய். பீர் என்றாலே சாக்கடை என்று நினைத்திருந்த என்னை அந்த மனிதர்களை மதிக்க வைத்தது அதுதான். அதற்கு உனக்குக் கண்ணும் காலும் போதுமாயிருந்தன.

பல் டாக்டரிடம் நேரே போ. கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை பார்சல் அனுப்பாதே, பிரிக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். தரையில் குழாய்களைப் பரப்பி வைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“அப்போ என் பீர நீங்க மோந்தே பாக்கல.”

“பார்த்தேம்மா. எனக்குத் தெரியல.”

“பத்து பேருக்கு முன்னாடி கிளாஸ தூக்கிப் பிடிச்சு, கண்ண மூடிக்கிட்டு, ஆஹான்னு சொன்னீங்களே, அது?”

“நடிச்சேன்.”

“நல்லா நடிச்சீங்க. நானும் கிளினிக்ல இருபது வருஷம் வலிக்காதுன்னு சொல்லியிருக்கேன். ஆனா என் கையில மருந்து இருந்துச்சு.”

பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தார். “குடிங்க. தெரியறத மட்டும் சொல்லுங்க.” குளிர்ச்சி, பொடிப்பொடியான குமிழி, ஓரத்தில் கசப்பு, அது சீக்கிரம் விலகிவிடுகிறது என்றேன். வேறு ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். “மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க” என்றும் சொன்னார்.

போட்டிக்காரர்களுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். இந்த மாத ‘நுரை’ ஒரே தாள், இதோடு வைத்திருக்கிறேன். என் மூக்கு, உன் ஜன்னல், அவருடைய பீர், மூன்றும் அதில் இருக்கின்றன. இரண்டு ஆலைகள் இனி வராதே என்று சொல்லிவிட்டன. டிரைவர் மட்டும், “வியாழக்கிழமை வாங்க, வந்து சும்மா உக்காந்திருங்க” என்றார்.

கடைகள் பீரைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பல் டாக்டர் பழுப்புப் பாட்டிலுக்குச் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்று கேட்டார்: “கிளினிக்க விக்காம இருந்திருக்கலாம்னு ஒரு வரி, அதுவும் உங்க அக்காதானா?” ஆமாம் என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான்.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஒற்றைத் தாளைப் படித்தேன். இதுவரை நீ எழுதியதில் இதுதான் நன்றாக இருக்கிறது. எங்கள் துறையில் இரண்டு பேரிடம் காட்டினேன். நான் எதையும் யாரிடமும் காட்டுகிறவள் இல்லை.

அந்த “ம்” மூன்று நாளாக என்னோடு இருக்கிறது. உன்னைக் கடிதம் வேண்டாம், நேரே போ என்று விரட்டியவள் நான். அந்த வரியை எழுதியவளும் நான்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. வீட்டில் சமையல் எதுவும் செய்து வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல், எப்போது வந்து சேர்வேன் என்று தெரியவில்லை. முதலில் அந்த அம்மாவின் ஆலைக்குப் போக வேண்டும். கதவுவரை நீ வழி காட்டினால் போதும். உள்ளே நான் தனியாகப் போகிறேன்.

அக்கா