புண் எங்கே என்று கேட்கிறார்கள்

அனுப்புபவர்:
ரா. சீனியம்மாள் (காலஞ்சென்ற ராசையாவின் மனைவி),
பலசரக்குக் கடை, காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.

பெறுபவர்:
மேலதிகாரி அவர்கள்,
தொழிலாளர் வைத்தியசாலைகள்,
சென்னை.

பொருள்: வெளியில் புண் இல்லை என்று காரணம் காட்டி என் மகனுக்கு மேகநோய் இரத்தப் பரிசோதனை மறுக்கப்பட்டதும், அதனால் என் மருமகளின் வயிற்றுப் பிள்ளைக்கு நேர்ந்துள்ள ஆபத்தும்.

கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

1. நான் சொல்லச் சொல்ல மனு எழுதுபவர் எழுதுகிறார். வியாதியின் பெயரை "ஒருவகைத் தேக அசௌக்கியம்" என்று போடலாமே என்றார். வேண்டாம், மேகநோய் என்றே போடும் என்றேன். ஊரில் எல்லோரும் பெயரைச் சொல்லக் கூசிக் கூசித்தான், என்ன நோய் என்றே தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு குழந்தை மண்ணுக்குள் போயிற்று.

2. என் மகன் தவசிமுத்து துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறான். அவன் மனைவி ஞானசெல்விக்குச் சென்ற வருஷம் பிள்ளை செத்தே பிறந்தது. இப்போது மறுபடியும் ஏழு மாதம். பிரசவ விடுதி லேடி டாக்டர் ரோசி அம்மாள் இரத்தம் எடுத்துப் பார்த்து, அவளுக்கு மேகநோய், இங்கிலீஷில் சிபிலிஸ், என்றார்கள். அவள் உடம்பில் ஒரு சிரங்குகூடக் கிடையாது. முதலில் வரும் புண் வலிக்காது, கண்ணில் படாமலேகூட ஆறிவிடும், பிறகு நோய் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும், இரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா விளக்கினார்கள். பென்சிலின் ஊசிக்குக் குணமாகும் என்று போடவும் தொடங்கினார்கள். ஆனால் புருஷனையும் பார்க்காவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளக்கூடும் என்றும் சொன்னார்கள்.

3. ஆகவே மகனைக் கெஞ்சிக் கூத்தாடித் தங்கள் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புண்ணு கீதா? காட்டு. இல்லியா? அப்போ இன்னாத்துக்கு வந்து பேஜார் பண்றே? கல்லாட்டம் கீறே, போய்கினே இரு!" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் கூறினார். டாக்டர் தலை நிமிரவே இல்லை.

4. ஐயா, கம்பவுண்டர் சொன்னது புண் இல்லை என்பது. என் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்ததோ நோய் இல்லை என்பது. வந்ததும் வராததுமாக, "ஆஸ்பத்திரியிலயே எனுக்கு ஒண்ணும் இல்லைன்ட்டாங்க. வியாதி உன்கிட்டதான் கீது. யாராண்ட வாங்கினே, சொல்லு!" என்று வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைக் கேட்டான். இப்போது மீதி ஊசிக்கு அவளை வாசல் தாண்ட விடுவதில்லை. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்தில் அவள் தகப்பன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளப் போகிறானாம். அங்கே ஊசி போட ஒருவரும் இல்லை. ஊசி நின்றால் இந்தப் பிள்ளையும் தங்குவது சந்தேகம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்.

5. இரத்தம் கொடுப்பது ஒன்றும் மானக்கேடு இல்லை என்று அவனுக்குக் காட்ட, நானே டாக்டரம்மாவிடம் கையை நீட்டினேன். நான் தாலியறுத்துப் பல வருஷம். அரிசி மூட்டையை ஒண்டியாகப் புரட்டுகிறவள். தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை. நேற்று முடிவு தெரிந்தது. ஐயா, எனக்கும் இருக்கிறது. தவசிமுத்துவுக்கு முன்னால் நான் பெற்றுப் புதைத்த இரண்டையும் காற்றுக்கருப்பு கொண்டுபோயிற்று என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். என் புருஷனும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார். அவர் உடம்பிலும் நான் புண் பார்த்ததில்லை.

6. என் மகன் தாய் சொல்லுக்கு அடங்க மாட்டான். சர்க்கார் காகிதத்துக்கு அடங்குவான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவனுக்கு உத்தரவு அனுப்பி வரவழைத்து, புண்ணைக் கேளாமல் இரத்தத்தைப் பார்க்கவும், அவன் மனைவியின் ஊசியைத் தடுக்கக் கூடாதென்று டாக்டர் வாயாலேயே அவனுக்குச் சொல்லவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

7. எனக்கும் ஊசி போட வேண்டுமாம். அதற்குத் தங்கள் வைத்தியசாலை வரிசையில்தான் நாளைக் காலை வந்து நிற்கப் போகிறேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரியையும் புண்ணைக் காட்டு என்பார்களா என்று பார்க்கிறேன்.

தங்கள் உத்தரவுக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கும்,

சீனியம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: திருவொற்றியூர்
தேதி: 12-8-1953
(நேரில் கொடுக்கப்படுகிறது)