உன் பெயரைச் சுற்றிய வட்டம்

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் யசோதராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி, அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையுமாவது சுகமாக இருங்கள். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன், உன் குரல் கேட்டதும் வேறு ஏதோ பேசிவிட்டேன். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேனே, அது பொய்.

உனக்கு வேலை போனபின் சொந்தமாகத் தொழில் தொடங்க, உன் பெயரை நீயே தூரிகையால் எழுதி லோகோவாக அனுப்பியிருந்தாய். கடைசி எழுத்தின் கால் கீழே இறங்கி, முழுப் பெயரையும் சுற்றி வந்து வட்டமாக முடிந்திருந்தது. எனக்கு அந்தக் கலை தெரியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வருகிறது, அச்சடித்துச் சுவரில் ஒட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தாயே என்று பெருமையோடு போஸ்டர் கடைக்குப் போனேன். கணினியில் இருந்த வினிதா என்ற பெண் கறுப்பு எழுத்தையும் வட்டத்தையும் பார்த்துவிட்டு, பொண்ணா நைனா என்றாள். ஆமாம் என்றேன். இன்னா வயசு என்றாள். முப்பத்து நான்கு என்றேன். அய்ய, இது போற வயசா நைனா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வட்டத்தை அவள் மலர்வளையம் என்று எடுத்துக்கொண்டது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் சொல்லவில்லை. பின்னால் நான்கு பேர் நின்றார்கள், எனக்காக அழுதவளை அவர்கள் முன்னால் வெட்கப்பட வைப்பதா என்று விட்டுவிட்டேன். எந்தத் தெரு என்று கேட்டதற்குக் கதவு எண்ணோடு சொன்னேன். நீ வூட்டுக்குப் போ நைனா, மத்தத நாங்க பாத்துக்கறோம் என்று ஒரு சுருளைக் கையில் கொடுத்தாள். துக்க வீட்டாரை அலையவிடாமல் அந்தக் கடைக்காரர்களே தெருவில் ஒட்டிவிடுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும், அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. துறைமுக ஆபீசில் முப்பத்தோரு வருடம் ஒவ்வொரு தாளையும் இருமுறை சரிபார்த்தவன், அந்தச் சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

தூரம் அளக்க டேப் வாங்கிக்கொண்டு நான் திரும்புவதற்குள், கீழே கண்ணீர் அஞ்சலி என்று சேர்த்து நம் தெருவில் ஆறு தாள் ஒட்டிவிட்டார்கள். மீன் வாங்கிக்கொண்டு வந்த அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. பிறகு அளந்தேன், முப்பத்தெட்டு அடி. நீ கேட்ட விவரம் அதுதான், இதை எழுதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. ரோட்டைப் பார்க்காமல் ஓடியவள் ஆட்டோவில் மோதி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை குறையாமல் ஆபரேஷன் தள்ளிப்போய், வருகிற வெள்ளி என்கிறார்கள். தைரியமாக இருங்கள் என்று மட்டும் டாக்டர் சொல்கிறார், வேறெதுவும் சொல்வதில்லை.

எலும்பைவிட எனக்கு வேறு பயம். போன வருடம் உன் பதிவுத் திருமணச் செய்தி கேட்டு, எனக்குப் பொண்ணே இல்ல, செத்துட்டான்னு நெனைச்சுக்கறேன் என்று உன்னிடமே கத்தினாள். அந்த வாய் பலித்துவிட்டது என்று நம்புகிறாள். வீடியோவில் அவள் பேசாமல் உன்னையே பார்ப்பது கோபத்தினால் அல்ல. போனை வைத்ததும், போட்டோவுலயும் இப்பிடித்தான் சிரிச்சிகினு இருப்பா, எல்லாரும் சேந்து என்னை ஏமாத்துறீங்கோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மாத்திரையைத் துப்புகிறாள். மறுபடி நடக்க வேண்டாமா பாட்டி என்று நர்ஸ் திட்டினால், எனக்கு இன்னாத்துக்குமா காலு, யார் வூட்டுக்கு நடந்து போவணும் என்கிறாள்.

லோகோவை மாற்றிவிடாதே, எழுத்தில் குற்றமில்லை, பேச வேண்டிய இடத்தில் பேசாத என் வாயில்தான் குற்றம். என்னை நீ மன்னிப்பது பிறகு இருக்கட்டும், வெள்ளிக்கு முன்னால் வா. அவள் உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, கேட்கும் தைரியம் இருந்ததில்லை. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் சேர்ந்து வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. ஐந்து தாளைத் தெருவார் கிழித்துவிட்டார்கள், டிரான்ஸ்பார்மர் பெட்டிமேல் ஒன்று இன்னும் இருக்கிறது. கைக்கு எட்டும் உயரம்தான். தினமும் போய் நிற்கிறேன், உன் பெயர்மேல் நகம் வைக்க என்னால் முடியவில்லை. நீ வந்து, உன் கையால் கிழித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா.

உன் அப்பா,
வரதன்