பேர் வெட்டிய பாத்திரம்

நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பூங்குழலி எழுத உட்கார்ந்தாள். லோடு வண்டி ஓட்டப் போன புருஷன் அன்புமணி வருவதற்குள் அவள் வல்லம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“மாமா, பதினோரு மணிக்கு நம்ம வீட்டு சாமானுக்கு இன்சூரன்ஸ் போட ஆளு வருவாரு. பீரோ சாவி அரிசி டப்பாவுல இருக்குது. போன மழையில ஒழுகி டிவி, மிக்ஸி எல்லாம் வீணாப் போனப்போ, வீடுதான் என்னுது, சாமான் உங்களுதுன்னு ஓனர் கைய விரிச்சிட்டாரு இல்ல? அதனால மூஞ்சிய தூக்கி வச்சிக்காம எல்லாத்தையும் காட்டு. பில்லு கேட்டா, பாத்திரத்துல வெட்டின பேரக் காட்டு. அதவிட இன்னா சாட்சி வேணும்?”

பேர் என்று எழுதியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று சீர்ப் பாத்திரங்களை எடுத்து அடுக்கும்போதுதான் அவன் வெடித்தான்: “எல்லாத்துலயும் உங்க நைனா பேருதான் இருக்குது. நான் இன்னா, இந்த வீட்டுக்கு விருந்தாளியா?”

தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

“இட்லி புது டிபன் பாக்ஸ்ல இருக்குது. சாப்ட்டுட்டு மூடியப் பாரு. காலையிலயே பாத்திரக் கடையில நின்னு பேரு வெட்டிக்கினு வந்தேன். உன் பேரு மட்டும்தான்.”

பஸ் ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவள், திரும்ப ஓடிவந்து அடியில் கிறுக்கினாள்.

“அத மட்டும் அவருகிட்ட காட்டாத. அதுக்கு இன்சூரன்ஸ் வேணாம். வீட்டுக்கு இன்னா ஆனாலும் அதத்தான் மொதல்ல தூக்கிக்கினு ஓடுவேன்.”